சேறு எழுந்து கடித்தது

பழவேற்காட்டில் மீன் வெட்டும் அந்த அம்மாள், கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் சீட்டைத் தொடுவார். எங்கள் மிருகச் சீட்டுச் சண்டையில் தோற்பவர் தன் சிறந்த சீட்டைக் கொடுத்துவிட வேண்டும்.

கொல்லும் சீட்டுகளையெல்லாம் இறக்கி அவருடைய மிருகங்களை வெட்டிச் சாய்த்தேன். அவரிடம் மிச்சம், மிருகங்களுக்குச் சக்தி தரும் சேறு போன்ற நிலச்சீட்டுகள்தான்.

“சேத்தை வச்சு இன்னா பண்ணுவ யக்கா?” என்று இளித்தேன்.

“இந்தச் சேறு மிருகமாவும்ணே.”

முதலையாக எழுந்த நிலம் ஆட்டத்தில் எனக்கு மிஞ்சியிருந்த கடைசி உயிரைக் குதறியது. நான் அலறியதில் பூனை ஒன்று கவ்விய மீனைப் போட்டுவிட்டு ஓடியது.

“இதை ஏன் முன்னாடியே எழுப்பல?” என்று என் சிறந்த சீட்டை நீட்டினேன்.

“மிருகமா நிக்க சொல்லோ செத்தா நிலமும் பூடும்ணே. உன் கையில கொல்ற சீட்டு தீரட்டும்னு இருந்தேன்” என்றபடி ஒரு கொடுவா மீனின் தலையைத் துண்டித்தார்.

நான் இப்போதெல்லாம் மீன் வாங்கப் பொன்னேரிக்குப் போகிறேன்.