வசிப்பிடம் பூவரசங்குளம்

"ஐயா, மகள் மோசம் போயிட்டா."

ஆஸ்பத்திரி விறாந்தையில் பணியாளர் ஒருவர் வந்து இப்படிச் சொன்னபோது, மல்லிகாவின் தகப்பனார் ராமையாவுக்குப் பக்கத்தில் நான் வாங்கில் இருந்தேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ராமையாவுக்கோ விளங்கவில்லை. அவர் அவசரமாக எழுந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ரொம்ப மோசமாங்க? அப்ப பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாம்ங்க. வண்டி பாக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

பணியாளர் என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனதை நேரே சொல்லக் கூசி, மோசம் போய்விட்டார் என்போம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ராமையாவுக்கு மோசம் என்றால் நிலைமை கெட்டிருக்கிறது, அவ்வளவுதான். கெட்ட நிலைமையைச் சரிக்கட்ட அவர் வாகனம் பிடிக்கப் புறப்பட்டுவிட்டார். படியில் இறங்கியவரின் கையைப் பிடித்து நிறுத்தி, அவருக்கு விளங்குகிற தமிழில் நான்தான் சொன்னேன். "மல்லிகா செத்துட்டா, ஐயா." அந்தச் சொல் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவளை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். கல்லூரியில் அவளோடு ஒரே வாங்கில் இருந்து தட்டச்சும் கணக்கியலும் படித்தவர்களுக்கும், வவுனியாத் தெருக்களில் அவளுடைய குரலை மட்டும் கேட்டு ஆளைப் பார்த்திராதவர்களுக்கும் சேர்த்துத்தான். நம்பமுடியாமல் இருக்கிறது. காய்ச்சலோடு வீட்டுக்குப் போனாள். மலேரியா. எங்களுக்கெல்லாம் அது சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிற சொந்தக்காரன் மாதிரி. குளிசையைப் போட்டுப் போர்த்துக்கொண்டு படுத்தால், இரண்டு நாள் நடுங்கிவிட்டு எழும்பி வகுப்புக்குப் போவோம். அவளும் அப்படித்தான் வருவாள் என்று அவளுக்கும் சேர்த்துச் சோறு போட்டு வைத்திருந்தேன். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். வைத்தியர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். இதில் யாரோடு சண்டை பிடிப்பது? சண்டை பிடிக்க ஓர் ஆள் இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் இருவரும் வேலை செய்த ஒலிபெருக்கி நிலையத்தின் முதலாளி சண்முகண்ணையும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். சேர்ட்டுப் பொத்தானை மாறிப் போட்டிருந்தார். ஊருக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று மெல்ல ராமையாவிடம் கேட்டார். "பிறப்பிடம், வசிப்பிடம் என்னெண்டு போடுறது, ஐயா?"

ராமையா தலையை ஆட்டினார். "வசிப்பிடம்லாம் வேணாம்ங்க. பொறந்த தோட்டத்துப் பேரை மட்டும் போட்டுருங்க. போன தடவை மாதிரி சண்டை வந்துறக் கூடாது. நாளைக்கும் நாங்க அங்கதான் இருக்கணும்."

அந்தப் போன தடவை என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், மல்லிகா எங்களிடம் வந்து சேர்ந்த கதையைச் சொல்லவேண்டும்.

எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து லயத்து வீடுகளை எரித்த பிறகு, சட்டி பானையோடு லொறியில் ஏறி வன்னிக்கு வந்த குடும்பம் அவர்களுடையது. பூவரசங்குளத்துப் பக்கம் காட்டை வெட்டி, கொட்டில் போட்டு, உழுந்தும் சோளமும் விதைத்தார்கள். மல்லிகா மூத்தவள். கல்லூரியில் இடம் கிடைத்ததும், படிப்புச் செலவுக்கு ஒரு வேலை வேண்டுமென்று சண்முகண்ணையின் கடைக்கு வந்தாள். நான் அப்போதே அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கண்டாவளையிலிருந்து வந்து, கடைக்குப் பின்னால் சண்முகண்ணை வீட்டு அறையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அறையில் பாதி அவளுக்குப் போயிற்று.

முதல் நாள் பின்னேரம் அவள் அறைக்குள் வந்து, "மொதலாளி என்கிட்ட ரொம்ப நேரம் பேசினாரு" என்றாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. வந்த முதல் நாளே ஒரு குமர்ப்பிள்ளைக்கு நீண்ட நேரம் ஏசியிருக்கிறாரே இந்த மனிசன் என்று நேரே குசினிக்குப் போனேன். சண்முகண்ணை புட்டுக்குச் சம்பல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளையை ஏன் பேசினனீங்கள்?"

"நான் எங்கை பேசினனான்? வடிவாத்தானே கதைச்சனான்!"

"அவள் பொய் சொல்றாளோ?"

மல்லிகா பின்னால் ஓடிவந்து, "இல்லக்கா, நல்லாத்தான் பேசினாரு, அன்பாப் பேசினாரு" என்று சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. அன்பாக ஏசுகிற ஆளை நான் கண்டதில்லை. கடைசியில் சண்முகண்ணையின் மனைவி பூமணி அக்காதான் விசயத்தைப் பிடித்தா. சிரித்துச் சிரித்து அவவுக்கு விக்கல் எடுத்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் மல்லிகா, "வசந்தி அக்கா, நீங்க பேசுறீங்களா, கதைக்கிறீங்களா?" என்று கேட்பாள். எனக்கு அவளைவிட ஒரே ஒரு வயதுதான் கூட. அக்கா என்று கூப்பிடாதே என்று எத்தனையோ தடவை சொல்லியும் அவள் கேட்கவில்லை.

காலையில் வகுப்பு. மத்தியானம் அவசரமாக ஒரு கோப்பை சோறு. பின்னேரம் அவள் காருக்குள். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய பழைய கார் அது. சண்முகண்ணை ஓட்ட, அவருக்குப் பக்கத்தில் மல்லிகா ஒலிவாங்கியோடு இருப்பாள். ஒரு பெட்டை தனியே ஆம்பிளையோடு காரில் திரிகிறாள் என்று ஊர் கதைக்கக் கூடாதென்று, பூமணி அக்கா பின் இருக்கையில் ஏறிக் கீரை ஆய்ந்துகொண்டே வருவா. குருமன்காடு, தோணிக்கல், இறம்பைக்குளம் என்று ஊரைச் சுற்றிவந்து முடிக்க அவவுடைய கறிக்கு எல்லாம் தயாராகிவிடும்.

புடவைக் கடை மலிவு விற்பனை, கோயில் திருவிழா, காணாமல் போன பசுமாடு, எல்லாவற்றையும் மல்லிகா வாசித்தாள். கூடுதலாக வந்தது மரண அறிவித்தல். அதை வாசிக்கும்போது அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. இறந்தவரின் பெயரைச் சொன்னதும் நிறுத்திவிடுவாள். சண்முகண்ணை மெசின் பழுதோ என்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு நிறுத்துவாள். ஏன் என்று கேட்டதற்கு, "பேரைச் சொன்னவொடனே ஓடக் கூடாதுண்ணே. கேக்கிறவங்க மூஞ்சிய நெனச்சுப் பாக்க நேரம் குடுக்கணும்" என்றாள். படித்த அறிவிப்பாளர்கள் எவரிடமும் நான் இதைக் கேட்டதில்லை. அதற்காக அவள் எப்போதும் துக்க முகத்தோடு திரிந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். "இந்த ஊர்ல செத்தா அறிவித்தல்ல எல்லாரும் அன்னார் ஆயிடுறாங்க. உசிரோட இருக்கப்ப ஒருத்தரையும் அன்னார்னு கூப்பிடக் காணோம்" என்று தேங்காய் திருவிக்கொண்டே சொல்வாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு எந்த மரண அறிவித்தலையும் சிரிக்காமல் எழுதிக் கொடுக்க முடியாமல் போயிற்று.

இனி அந்தச் சண்டை. போன மாரிக்கு முன், அவர்கள் குடியிருப்பில் ஒரு வயதான மனிதர் காலமானார். தோட்டத்திலிருந்து இவர்களோடு ஒரே லொறியில் வந்தவர். எங்கள் அறிவித்தல் எல்லாவற்றிலும் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட என்று ஒரு வரி வரும். அந்த வரி இல்லாமல் எங்கள் ஆட்கள் சுடலைக்குப் போவதில்லை. அந்தக் கிழவருக்குப் பிறந்த இடத்தை மட்டும் போட்டு நான் எழுதிக் கொடுத்திருந்தேன். வேண்டுமென்று விட்டதில்லை. அவர்களைப் பற்றி அப்படித்தான் எல்லோரும் எழுதினோம். மல்லிகா காருக்குள் அதை வாசிக்கும்போது தானாகவே, "பூவரசங்குளத்தை வசிப்பிடமாகவும் கொண்ட" என்று சேர்த்துவிட்டாள்.

அடுத்த நாள் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் கொதித்துக்கொண்டு வந்தார். அவருக்கு அந்தப் பக்கம் வயல் இருக்கிறது. "சண்முகம், நாலு வருசம் காட்டுக்குள்ள குந்தியிருந்தா வசிப்பிடமோ? அவை வந்த ஆக்கள். இண்டைக்கு மைக்கில சொல்லுவினம், நாளைக்குக் காணி கேப்பினம்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "வாசிச்ச பிள்ளையில பிழையில்லை. எழுதிக் குடுத்ததை அது வாசிக்குது. ஆரின்ர பிள்ளை அது? என்ன வடிவாத் தமிழ் உச்சரிக்குது! எங்கட பிள்ளையெண்டா எங்கட பிள்ளைதான்" என்றார்.

மல்லிகா அவருக்குப் பின்னால் கதிரையில் இருந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள்.

"வாசிச்சது நான்தாங்க. சேத்ததும் நான்தான். பூவரசங்குளத்து ராமையா மக. எத்தன வருசம் இருந்தா வசிப்பிடம்னு சொல்லுங்கய்யா. அதுவரைக்கும் காத்திருக்கோம்."

பெரியவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் விசயம் அதோடு முடியவில்லை. அந்த வாரமே யாரோ ராமையாவின் கொட்டிலுக்குப் போய், மகளை அடக்கி வைக்கும்படி சொல்லியிருக்கிறார்கள். ராமையா பயந்துபோய் வவுனியாவுக்கு வந்து, வேலையை விட்டுவிடும்படி அவளிடம் கெஞ்சினார். அவள் விடவில்லை. அன்று இரவு பாயில் படுத்திருந்தபோது என்னிடம், "எனக்குக் காணி வேணாம்க்கா. இந்த ஊர்லதான் இருந்தோம்னு ஒருத்தர் சொன்னாப் போதும்" என்றாள். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. தூக்கக் கலக்கத்தில் ஓம் என்றிருப்பேன்.

ஆகவே ஆஸ்பத்திரி விறாந்தையில் ராமையா வசிப்பிடம் வேண்டாம் என்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. "அவள் அதுக்காகத்தானே சண்டை பிடிச்சவள், ஐயா" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ போயிட்டாம்மா. இன்னும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க" என்றார். அவருடைய பயத்தை நான் ஒருநாளும் பட்டதில்லை. என் அப்பாவின் வயல் கண்டாவளையில் இருக்கிறது, அது எங்களுடையது என்று எவருக்கும் நிரூபிக்கவேண்டிய தேவை எங்களுக்கு வந்ததில்லை.

அன்று பின்னேரம் சண்முகண்ணை காரை எடுத்தார். அவள் இருந்த இடத்தில் நான் இருந்தேன். ராமையாவும் ஏறினார். மகளுடைய பெயரை ஊர் கேட்பதைத் தானும் கேட்கவேண்டும் என்றார். பூமணி அக்கா அவருக்குப் பக்கத்தில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருந்தா. ராமையா கேட்டபடியே, பிறந்த தோட்டத்தை மட்டும் சொல்லி வாசித்தேன். கடைத்தெருவில் சனம் வழக்கம்போல் கை வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. ஆனால் பெயரைச் சொன்ன பிறகும் ஒருவர் முகமும் மாறவில்லை. அவர்களுக்குக் குரல் தெரியும், பெயர் தெரியாது. சைக்கிளில் வந்த ஒருவர் ஜன்னலுக்குள் குனிந்து, "ஏன் இண்டைக்கு அந்தப் பிள்ளை வாசிக்கேல்லை?" என்று கேட்டார். சண்முகண்ணை காரை நகர்த்தினார். எனக்கு அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. அவர் ஒரு பிழையும் செய்யவில்லை.

மன்னார் வீதியால் பூவரசங்குளம் சந்திக்கு வந்தோம். தேத்தண்ணிக் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். நான் தொடங்கினேன். பெயரைச் சொன்னேன். அதற்குப் பிறகு தோட்டத்தின் பெயரைச் சொல்லவேண்டும். அந்த ஊரில் நின்றுகொண்டு அதை மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை. குழாய் இரண்டும் சும்மா இரைந்துகொண்டிருந்தன.

பின்னாலிருந்து ஒரு கை வந்து ஒலிவாங்கியைப் பிடித்தது. ராமையாவுக்கு அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாது. வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார். அவருடைய மூச்சு முதலில் சந்தி முழுக்கக் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"இங்க, பூவரசங்குளத்துல குடியிருக்கிற ராமையா மக மல்லிகா செத்துப் போச்சுங்க. நம்ம ஊருப் புள்ளதாங்க. தூக்கிறதுக்கு ஆள் பத்தாது. வந்து தூக்கிக் குடுங்க."

தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழும்பினார்கள். யாரும் மறுத்து எதுவும் சொல்லவில்லை. சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை.

இப்போது பின்னேரங்களில் காரில் போவது நான். என் குரல் அவளுடைய குரலின் கால்தூசிக்கும் வராது, எனக்குத் தெரியும். துக்க வீட்டிலிருந்து அறிவித்தலுக்கு யாராவது வந்தால், இறந்தவர் எங்கே பிறந்தவர் என்று நான் முதலில் கேட்பதில்லை. எங்கே இருந்தவர் என்று கேட்கிறேன். சொல்கிற இடத்தை, அது எந்த இடமானாலும், ஊர் கேட்க வாசிக்கிறேன். மல்லிகாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அதுதான்.