இருபது நாள் ஓடுன ஏரேட்டர்

சாக்கடத் தண்ணிய சுத்தம் பண்ற தொழில்ல மூணே வேல: தண்ணி உள்ள வரணும், அதுக்கு காத்து அடிக்கணும், தண்ணி வெளிய போணும். எங்க ப்ளான்ட்ல நடு வேலய மட்டும் உட்டுட்டாங்க. ஊரு பேரு வேணாம். திருவள்ளூர்லேர்ந்து பஸ் ஏறுனா போதும், எங்க எறங்கணும்னு மூக்கே சொல்லும். காலேஜ் கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு நான் அங்கதான் மாட்னேன். உள்ள வர்ற தண்ணி, வெளிய போற தண்ணி, ரெண்டையும் மூணு மாசம் டெஸ்ட் பண்ணி, எவ்ளோ சுத்தமாவுதுன்னு கிராஃப் போடணும். ஆவலன்னா ப்ராஜெக்ட்டும் இல்ல, டிகிரியும் இல்ல. ப்ராஜெக்ட்டுன்னு எங்கனா போய் சிக்கிக்கினவங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும்.

புது மிஷின்

மொத நாளு ரெண்டு பாட்டில் புடிச்சேன். உள்ள வந்ததும் வெளிய போனதும் ரெட்டப் புள்ளைங்க மாதிரி இருந்துச்சு. காத்து அடிக்கிற ஏரேட்டர் தொட்டி நடுவுல சும்மா நின்னுக்கினு இருக்கு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு பொட்டு வெச்சி மால போடறதோட சரி. ஏண்ணா ஓட்ட மாட்டேங்கறீங்கன்னு ஆபரேட்டர் முனுசாமி அண்ணனக் கேட்டேன். பச்சக் கொழந்தய அடிக்கச் சொன்ன மாதிரி என்னப் பாத்தாரு.

"புது மிஷினும்மா. ஓட்டுனா தேஞ்சிபூடும்."

கொழாத் தண்ணி

இஞ்சினியர் கிட்ட சண்டைக்குப் போனேன். மனுஷன் கோவமே படல, நாஷ்டா ஆச்சான்னு கேட்டாரு. அப்பறம் என் பாட்டில வாங்கி, ஆபீஸ் வாசல்ல போர் தண்ணி வர்ற கொழாவுல அவரே ரொப்பி, 'வெளியேறும் நீர்'னு லேபிளும் ஒட்டிக் குடுத்தாரு. மாசா மாசம் லேபுக்குப் போறதே இதானாம். நான் கேட்டது தொட்டிலேர்ந்து வெளிய போற தண்ணின்னு கத்துனேன்.

"அங்க போய் புடிச்சா ரிசல்ட் எப்டிம்மா நல்லா வரும்?"

எருமைக்கு வந்த கஷ்டம்

மாலயோட நிக்கிற ஏரேட்டர ஃபோட்டோ எடுத்து ரிப்போர்ட்டுல மொத பக்கத்துலயே ஒட்டுவேன்னு இஞ்சினியர் கிட்ட சொன்னேன். கேமரால ஃபிலிம் ரோலே இல்ல, அது அவருக்கு எப்டித் தெரியும்? மறுநாளே மிஷின் ஓடுச்சு. மொத வாரம் வெறும் நொர. அப்பறம் தண்ணி தெளிஞ்சிக்கினே வந்துச்சு, நாத்தம் கொறஞ்சுது. நான் பாட்டில வெயில்ல தூக்கித் தூக்கிப் பாத்துக்கினு திரிஞ்சேன்.

இருபதாவது நாளு சரோஜாக்கா வந்தாங்க. காம்பவுண்டுக்குப் பின்னால எரும வெச்சிருக்காங்க. நாங்க வெளிய உடற தண்ணிலதான் அவங்க புல்லு வளருது. புல்லு வெளுத்துப்போச்சாம், பால் கொறஞ்சிபோச்சாம். எங்களுக்கு டெய்லி டீ போடறதே அந்தப் பால்லதான்னு எனக்கு அன்னிக்குதான் தெரியும்.

"தண்ணில இருந்த சத்தெல்லாம் எடுத்துக்கினு வெறும் தண்ணிய அனுப்புறியேம்மே, வாயில்லா ஜீவன் இன்னா பாவம் பண்ணுச்சி?"

வைவா

பொதுமக்கள் புகார்னு சொல்லி அன்னிக்கி சாயந்தரமே இஞ்சினியர் மிஷின நிறுத்திட்டாரு. முனுசாமி அண்ணனுக்கு ஒரே நிம்மதி, துணி எடுத்து அதத் தொடச்சாரு. கொழாத் தண்ணிய டெஸ்ட் பண்ணியிருந்தா மூணு மாசமும் சூப்பர் கிராஃப் வந்திருக்கும். நான் பண்ணல. உள்ளத உள்ளபடி வரஞ்சேன்: அழுக்கு கோடு மேல நேரா போவுது, நடுவுல இருபது நாள் எறங்குது, மறுபடி மேல ஏறிக்குது. வேற காலேஜ்லேர்ந்து வந்த எக்ஸாமினர் ரொம்ப நேரம் பாத்துட்டு, அந்த எறக்கத்துல பென்சில வெச்சாரு.

"இந்த இருபது நாள் மட்டும் ப்ளான்ட்ல ஏதோ கோளாறாயிருக்கே, கவனிக்கலையாம்மா?"

ஒரு ஊரு சாக்கடைய இருபது நாளு நெஜமாவே சுத்தம் பண்ண குத்தத்துக்கு எனக்குக் கெடச்சது ஜஸ்ட் பாஸ், அதுவும் பாவம் பாத்துப் போட்டது.