இன்னாசிமுத்து உட்கார்ந்த விருந்து

வரதராஜன்பேட்டையில் கல்யாணப் படம் எடுப்பவர் இன்னாசிமுத்து. மற்றவர்கள் சாப்பிடுவதைப் படமெடுத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காருவார். மறைப்பணிக்குத் தான்சானியா போன பங்குச் சாமியார் படமெடுக்க அவரையும் கூட்டிப்போனார். "அந்த சனங்களோட நாம சாப்புடுற படம் ஊர்ல காட்டணும், வுட்டுடாத" என்று சொல்லியிருந்தார்.

அங்கே ஒரு வீட்டில் கோழியடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். இன்னாசிமுத்து கேமராவோடு நின்றார். யாரும் தட்டில் கை வைக்கவில்லை.

"என்ன சாமி, செபம் பாக்கியா?"

"ஒன்னாலதான்யா! விருந்தாளி நிக்கிறப்ப இவங்க சாப்புட மாட்டாங்களாம்."

"படமெடுக்க வந்தவன் விருந்தாளியா?"

வீட்டுக்காரம்மா கை கழுவச் செம்புத் தண்ணீரோடு இன்னாசிமுத்துவிடம் வந்தாள். அவர் கேமராவை ஓரமாக வைத்துவிட்டு, அவள் ஊற்றக் கை கழுவி உட்கார்ந்தார். எல்லாரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"படம்?" என்றார் சாமியார்.

"சாப்புடுங்க சாமி, ஆறிடும்."