இரண்டு பேர் வெஞ்சனம்

இன்றைக்கும் எந்த வேனாவது இரண்டு தடவை ஹாரன் அடித்தால் என் கை தானாகத் தூக்குச்சட்டியைத் தேடுகிறது.

செம்பட்டி முக்கில் காலை ஆறு மணிக்கு நூல் மில் வேன் அப்படித்தான் கூப்பிடும். நானும் மதினியும் ஓடுவோம். மில்லில் அடுத்தடுத்த மிஷின் எங்களுக்கு. உறவு கிடையாது, ஆனாலும் ஒருத்திக்கொருத்தி மதினிதான். சோறு அவள் வீட்டிலிருந்து, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என் வீட்டிலிருந்து. பதினொரு வருஷமாக ஒருத்தியும் முழுச் சாப்பாடு கட்டியதில்லை.

மில்லில் சிக்கனம் தொடங்கியபோது சிரித்தோம். நாலு மணி வடையை நிறுத்தினார்கள். “வடை தின்னு பெருத்தது போதும், விடு” என்றாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை வேலை போயிற்று. துணி துவைக்க ஒரு நாள் கிடைத்ததென்று அதையும் கொண்டாடினோம். அப்புறம் ஒரு ஷிப்டையே எடுத்துவிட்டு, இனிமேலும் வேலைக்கு வேண்டியவர்களின் நம்பரை போர்டில் ஒட்டினார்கள். அவள் நம்பர் இருந்தது. என்னுடையது இல்லை. மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தேன், திரும்பவும் படித்தேன். அன்றைக்குத்தான் சுட்டது.

மறுநாள் பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்குக் கத்திரிக்காய் வதக்கிவிட்டேன். அவளும் பழக்க தோஷத்தில் இரண்டு பேர் சோற்றோடு வேனேறிப் போயிருந்தாள். மத்தியானம் அவள் வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள் என்று நினைக்க எனக்கு இனித்தது. ஆமாம், இனித்தது. சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு இறங்கி வந்தாள். அந்தத் தூசியின் மேல்கூட எனக்குப் பொறாமை.

மூன்றாம் நாள் பொறுக்காமல் வெஞ்சனத்தைத் தூக்கிக்கொண்டு முக்குக்குப் போனேன். வேனில் என் இடத்தில் வேறொருத்தி. படியில் ஒரு காலை வைத்து நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. “இவ கொண்டாந்துட்டா மதினி. நீ பிள்ளைகளுக்கு வையி.”

“அம்புட்டுச் சீக்கிரமா ஆளு கெடச்சிருச்சா?”

“வெறுஞ்சோத்த எத்தன நாளைக்குத் திங்கச் சொல்ற?”

“வேலையும் ஒனக்கு, வெஞ்சனமும் ஒனக்கு. எனக்குன்னு என்னத்த வச்சிருக்க?”

அவள் கண் கலங்கியது. அதுவும் எனக்கு ஆற்றாமையாகத்தான் இருந்தது: வேனுக்குள் உட்கார்ந்து அழ முடிகிறதே அவளால்!

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“கால எடு மதினி. கதவச் சாத்தணும்.”