பக்கத்து அறையில் கிரம்ப்

சாவிக்கொத்தோடு அலையும் சக பாவிகளே, வாடகை மண்டபத்தில் வேலை பார்ப்பவனுக்குக் கடைசி ஆள் வெளியேறிக் கதவு பூட்டும் வரை நிம்மதி கிடையாது.

சண்டையா?

எட்மண்டனில் எங்கள் மண்டபத்தின் சின்ன அறையைச் சனிக்கிழமைகளில் கறுப்பின இளைஞர் நடனக் குழு ஒன்று எடுத்தது. முதல் நாள் எட்டிப் பார்த்தேன். எல்லோரும் வட்டமாக நின்று கத்துகிறார்கள். நடுவில் ஒருவன் நெஞ்சைத் தள்ளி, தரையை உதைத்து, எதிரே நின்றவன் முகத்துக்கு நேரே கையை வீசுகிறான். பொலிசை அழைக்கப் போனை எடுத்துவிட்டேன். குழுவை நடத்தும் அமா என்ற பெண் ஓடி வந்தாள்.

"அங்கிள், வேண்டாம். இது கிரம்ப், கோபத்தை ஆடித் தீர்க்கிற நடனம். பொலிஸ் வந்தால் அவர்களுக்கு யார் இதை விளங்கப்படுத்துவது?"

திருநீறு

ஒரு சனிக்கிழமை பெரிய அறையில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீடு, அதாவது பூப்பு விழா. கழிவறை தேடிய அம்மா ஒருவர் கதவு மாறிச் சின்ன அறையைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு பையன் உடம்பு உதற ஆடிக்கொண்டிருந்தான். 'தொலைந்தேன், இனி சத்தம் போடப் போகிறார்' என்று நினைத்தேன். அவரோ கைகூப்பினார்.

"தம்பி, பிள்ளைக்குச் சாமி உரு வந்திட்டுது. திருநீறு பூச ஒருத்தரும் இல்லையோ?"

முறைப்பாடு

சற்று நேரத்தில் சாமத்தியப் பெண்ணின் தகப்பன் கோபமாக வந்தார். பக்கத்து அறைச் சத்தம் தாங்க ஏலாதாம், மனேஜருக்கு எழுதப் போகிறாராம். இன்னொரு முறைப்பாடு வந்தால் குழுவுக்கு அறை இல்லை என்று மனேஜர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அமா பாட்டைக் குறைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே பெரிய அறையில் பெண்ணின் ஆட்டத்துக்காக விளக்கை அணைத்தார்கள். பட்டுச்சேலையோடு பெண்ணும் தோழிகளும் ஆடியபடி வந்தார்கள். அதே உதை, அதே நெஞ்சுத் தள்ளல். போனில் பார்த்துப் பழகியதாம். மண்டபமே விசிலடித்தது. தகப்பன் கண் கலங்கப் படம் பிடித்தார்.

"அண்ணை, இதைத்தானே அங்கையும் ஆடுகினம்?" என்றேன்.

"விசர்க்கதை கதையாதேயும் தம்பி. இது டான்ஸ்."

திங்கட்கிழமை முறைப்பாடு வந்தது. செவ்வாயன்று அமா ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போக வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அங்கிள், அந்தப் பிள்ளை நன்றாக ஆடினாள். எங்களிடம் வந்து ஆட அவளுக்கு விருப்பமா?"

ஆட்டம் எங்கள் பெரிய அறை வரை வந்துவிட்டது, அதற்குச் சொந்தக்காரர்களுக்குத்தான் எங்களிடம் இடமில்லை.