சவரிராயனின் காலிக் கல்லறை

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

போன கல்லறைத் திருநாள். சாயங்காலம். காரைக்கால் கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் அந்தோணிமுத்து மடக்கு நாற்காலியில். அக்கா ரீட்டா கல்லறையின் தலைமாட்டில், தரையில். நான் கால்மாட்டில், மெழுகுவத்திப் பெட்டியோடு.

உடல் கிடைக்காதவர்களுக்குப் பெரிய சிலுவையடியில் வத்தி ஏற்றுவதுதான் எங்கள் வழக்கம். எங்கள் குடும்பம் மட்டும் வீம்பாகக் கல்லறையே கட்டியது. தாத்தாவின் அண்ணன் சவரிராயனுக்கு. 1915இல் பிரெஞ்சுப் படையோடு கப்பலேறி, துருக்கியின் தார்தனெல் கரையைப் பிடிக்கப் போனவர். படை தோற்றுத் திரும்பியது. அவர் திரும்பவில்லை.

அக்கா மடியில் ஒரு சின்னச் சட்டை. சுனாமியில் போன அவள் மகன் லூர்துவுடையது. அவன் உடலும் கிடைக்கவில்லை.

"இதுல வெச்சு மூடிடுவோம் அண்ணே. எம்புள்ளைக்கும் ஒரு எடம் வேணும்ல?"

"பட்டாளத்துக்காரர் கல்லறை, ரீட்டா. சட்டையப் பொதைக்கிற எடமா?"

"உள்ள அவரு மட்டும் படுத்திருக்காராக்கும்?"

அண்ணன் என் பக்கம் திரும்பி, வத்தியை ஏற்றச் சொன்னார்.

மணி 6.40. வத்தி ஏற்றினேன். அணைந்தது. காற்றே இல்லை. பக்கத்துக் கல்லறைகளில் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. மறுபடி ஏற்றினேன். திரி நனைந்திருந்தது...

சொட்... சொட்...

திரும்பினேன். ஓர் இளைஞர். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளிக் கோட்டு. தண்ணீர் வடிந்தது. அன்று மழையே இல்லை.

"கரை எந்தப் பக்கங்க?"

வழி தெரியாத ஆள் என்று நினைத்தேன். கிழக்கே கை காட்டினேன்.

அவர் நகரவில்லை. அக்காவின் மடியைப் பார்த்தார்.

"இந்தப் பையனும் அதத்தான் கேக்குறான்..."

அக்கா எழுந்தாள்.

யாரும் இல்லை.

தரை மட்டும் ஈரம்.

மறுநாள் காலை அண்ணனே ஆள் கூட்டிவந்து கல்லைத் தூக்கினார். சட்டையை வைத்து மூடினோம்.

ஒரு வாரம் கழித்து, திருமலைராயன்பட்டினத்து நண்பர் மன்சூர் அலியிடம் இதைச் சொன்னேன்.

"எங்க வாப்பாவோட வாப்பாவும் அந்தப் படையில போனவருதான். ராத்திரி எறங்குறப்ப முன்னால போன படகு கவுந்துடுச்சாம். இருட்டுல ஒரு தமிழ்க் குரல், கரை எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். சத்தம் காட்டக் கூடாதுன்னு உத்தரவு. யாரும் பதில் சொல்லலியாம்."

நான் பதில் சொன்னேன். ஆனால் நான் கை காட்டியது கடல் பக்கம்.

அன்றே பாரிசிலிருக்கும் பெரியப்பா மகன் யேசுராஜுக்குக் கடிதம் எழுதினேன். ஏப்ரலில் அந்தப் போரின் நினைவு நாளுக்காக அவன் துருக்கி போகிறான். அந்தக் கரையில் கடலைப் பார்த்து நின்று, தமிழில், சத்தமாகக் கூப்பிடச் சொன்னேன். பெரியவர் பேரைச் சொல்லி ஒருமுறை. அவரோடு இருக்கும் லூர்து பேரைச் சொல்லி ஒருமுறை.

"புள்ளைக்கு ரெண்டு தடவைன்னு எழுது தம்பி" என்றாள் அக்கா. "அவன் ஒரு தடவையில வரமாட்டான்."

திருத்தி எழுதினேன். அக்காவே கவரை ஒட்டினாள். தபாலில் சேர்த்துவிட்டு வந்தோம்.