கால்வாய்ப் பக்கத்துக் கோல்

தார்ன்ஸ்பி ஊரில் வெயில் சரியாக அடிக்காததற்குக் காரணம் ராய்ஸ்டன் டாஸ்கர்தான். பதின்மூன்று சீசன் எங்கள் ஊர் கிளப்புக்குக் கோல்கீப்பராக நின்றவர். அவர் இரண்டு கையையும் விரித்துவிட்டால் பந்து, காற்று, வரி வசூலிக்க வருகிறவர், யாராலும் தாண்டிப் போக முடியாது. ஒருநாள் சூரியனே முயன்று பார்த்தது. மனுஷன் பாய்ந்து விரல் நுனியால் தட்டி வெளியே அனுப்பிவிட்டார். அது போய் ஸ்பெயினில் விழுந்தது. இன்றுவரை அங்கேயேதான் கிடக்கிறது.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அவரைத் தாண்டி உள்ளே போனவையும் நிறைய. அதிலும் ஒரே மதியத்தில் போன ஏழு கோலை ஊர் இன்னும் மறக்கவில்லை.

எனக்கு அவரைத் தெரிந்தது பள்ளி வாசலில். நீளக் கம்பைப் பிடித்து வண்டிகளை நிறுத்தி, பிள்ளைகளைச் சாலை கடக்க விடுகிற வேலையில் இருந்தார். எங்கள் அடுத்த வீட்டுக்காரர்தான் என்றாலும் அந்தக் கம்போடு பார்க்கும்போதுதான் எங்களுக்கு அவர் விளையாட்டுப் பொருள். சாலையின் நடுவே அவர் நிற்கும்போது நாங்கள் வரிசையாக ஏழு விரலைக் காட்டிக்கொண்டே கடப்போம். ஏழு விரல் யோசனை என்னுடையது. அதில் எனக்கு அப்போது பெருமை வேறு. அவர் கோபப்பட்டதே இல்லை. தன் வலது கையைத் தூக்கிக் காட்டுவார். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"என் கையில ஏழு காட்டணும்னா மூணு கை வேணும் பொண்ணே. போ, மணி அடிச்சாச்சு."

பதினாறு வயதில் கிளப்பில் சேர்ந்தார். நான்காம் டிவிஷன், அதற்குக் கீழே விழ இடமில்லை. முதல் சில வருஷம் ஆட இடமே கிடைக்கவில்லை. முதல் கோல்கீப்பருக்கு அம்மைக்கட்டு வந்து முகம் பூசணிக்காயாக வீங்கிய வாரம்தான் அவரைக் கூப்பிட்டார்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு சாதாரணப் பந்து, குழந்தை உருட்டிவிட்டது மாதிரி வந்தது, அவர் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து போனது. கோலுக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"என்னங்க, கதவைச் சாத்த மறந்துட்டீங்களா?"

யார் இது என்று திரும்பிப் பார்த்தார். பிஸ்கட் தொழிற்சாலைத் தலைக்குட்டையைக்கூட அவிழ்க்காமல் ஒரு பெண் கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்றிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். அதற்குள் இரண்டாவது கோலும் விழுந்துவிட்டது.

"அந்த ரெண்டாவது கோலைத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்" என்பார்.

அவள்தான் பெரில். அதன்பிறகு ஊரில் நடந்த எந்த ஆட்டத்திலும் பெரில் டாஸ்கரின் கோலுக்குப் பின்னால்தான் நின்றார். பாதி ஆட்டம் முடிந்து இரு அணியும் பக்கம் மாறும்போது, பெரிலும் கூட்டத்தோடு மைதானத்தைச் சுற்றி நடந்து எதிர்க் கோலுக்குப் பின்னால் போய் நிற்பார். எதிரணி ரசிகர்கள் டாஸ்கரைத் திட்டியதைவிட அதிகமாகத் திட்டியது பெரில்தான். "ராய், பந்து அந்தப் பக்கம் இருக்குய்யா, என்னை என்ன பார்வை!" "ராய், குனிஞ்சா எந்திரிக்க மாட்டியா, அங்கயே குடித்தனம் வச்சிருக்கியா?" ஆள் பந்தைப் பிடித்துவிட்டால் மட்டும் சத்தமே வராது. அந்த மௌனத்துக்காகத்தான் பாய்ந்தேன் என்று ஒருமுறை என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

ஏழு கோல் ஆட்டத்தின் கதையையும் அம்மாதான் எனக்குச் சொன்னாள். கோப்பைப் போட்டிக்கு லண்டனிலிருந்து ஒரு பெரிய கிளப் எங்கள் சேற்று மைதானத்துக்கு வந்தது. முதல் பாதியிலேயே டாஸ்கரின் நடுவிரல் முறிந்துவிட்டது. அந்தக் காலத்தில் மாற்றுக் கோல்கீப்பர் கிடையாது. பக்கத்து விரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு திரும்பி வந்து நின்றார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எதிரணி அந்தப் பக்கமாகவே அடிக்கும். மழையில் பிளாஸ்திரி கழன்று தொங்கியது. ஆறாவது கோல் விழுந்ததும் ஜனங்கள் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். கோலுக்குப் பின்னால் பெரில் மட்டும் நின்றார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லையாம். மறுநாள் பத்திரிகையில் ஏழு என்ற எண் பெரிதாக வந்தது. விரல் எங்கேயும் வரவில்லை.

இதைக் கேட்டபிறகு நான் பள்ளி வாசலில் விரல் காட்டுவதை விட்டுவிட்டேன். திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய கம்பின் நுனியில் ஒரு ஜோடி கோல்கீப்பர் கையுறையைப் பசை போட்டு ஒட்டினேன். ஒரு வாரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கழற்றவில்லை.

கிளப் அவரை அனுப்பியது ஒரு மே மாதத்தில். நடைபாதையில் மேனேஜர் சாசேஜ் ரோல் தின்றுகொண்டே, "டாஸ்க், ஒரு நிமிஷம்" என்றாராம். அந்த நிமிஷம்கூட ஆகவில்லை. பூட்ஸைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், பெரிலிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பயிற்சிக்குப் போவது மாதிரியே பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, கால்வாய்க் கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். வாத்துகளுக்கு அவர் பழக்கமாகிவிட்டார். ஒரு காலையில் பெரில் கரையோரமாக நடந்து வந்து பெஞ்சுக்குப் பின்னால் நின்றார்.

"இங்க கம்பமும் இல்ல, வலையும் இல்ல. நான் எங்கய்யா நிக்கறது?"

டாஸ்கர் வாழ்க்கையில் அழுதது அங்கேதான் என்று அம்மா சொல்கிறாள். இன்னொரு முறையும் உண்டு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு பால் வண்டி ஓட்டினார், அப்புறம் பள்ளி வாசல். பிள்ளை இல்லை. சனிக்கிழமை இரண்டு பேரும் கோலுக்குப் பின்னால் நின்று, அவருக்குப் பின் வந்த கோல்கீப்பர்களை எல்லாம் பெரில் திட்டுவதை அவர் கேட்டுக்கொண்டிருப்பார். பெரிலுக்கு மார்பில் கட்டி வந்தது. நான் ஆரம்பப் பள்ளி முடித்த வருஷம் போய்விட்டார்.

எங்கள் ஊரில் ரசிகர்களின் சாம்பலை மைதானத்தில் தூவுவது உண்டு. மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு திங்கட்கிழமை பக்கக் கதவைத் திறந்துவிட்டார். பெரில் நின்ற இடம் கான்கிரீட். அதில் தூவினால் மழை கழுவிக்கொண்டு போய்விடும் என்று டாஸ்கர் கால்வாய்ப் பக்கத்துக் கோலுக்குள், தான் நின்ற இடத்திலேயே தூவினார். அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அந்தக் கோலுக்குப் பின்னால் தனியாக நிற்பார். பாதி ஆட்டத்தில் எல்லோரும் பக்கம் மாறினாலும் அவர் மாறுவதில்லை.

"இப்ப அவ கோல்ல நிக்கறா. திட்டறது என் முறை" என்றார் என்னிடம். ஆனால் திட்டி நான் கேட்டதில்லை.

போன வருஷம் மைதானத்தை விற்றுவிட்டார்கள். கிளப் நெடுஞ்சாலையோரம் ஒரு புது இடத்துக்குப் போகிறது, இங்கே பெரிய கடை வருகிறது என்றார்கள். கடைசி ஆட்டத்தில் பழைய ஆட்டக்காரர்களை எல்லாம் மைதானத்துக்குள் நடக்க வைப்பதாகத் திட்டம். அதற்குச் சில வாரம் முன்பு டாஸ்கர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்றாலும், நாற்காலியிலிருந்து கழிவறைக்குப் போவதே அவருக்கு ஒரு சீசன் மாதிரி. சக்கர நாற்காலியில் கூட்டிப் போகிறோம் என்று கிளப்பிலிருந்து ஆள் வந்தது.

"அந்தச் சேத்துல சக்கரமா? பெரில் சிரிச்சே செத்துருவா" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆட்டத்தன்று காலையில் என்னைக் கூப்பிட்டார். மடியில் பெரிலின் கேக் டப்பாவும் ஒரு சின்னத் தோட்டக் கரண்டியும் இருந்தன.

"கிர்ஸ்டி, திங்கட்கிழமை புல்டோசர் வருது. அவமேல கடை கட்டி, உறைஞ்ச பட்டாணி அடுக்கப் போறாங்க. அவளுக்குப் பட்டாணியே ஆகாது."

"நான் என்ன செய்யணும், மிஸ்டர் டாஸ்கர்?"

"கால்வாய்ப் பக்கத்துக் கோல். ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல, கோட்டுக்கு ஒரு அடி முன்னாடி. கொஞ்சம் எடுத்துட்டு வா. இந்த டப்பா அளவு போதும்."

"கம்பத்தையும் பிடுங்கிட்டு வரட்டா?"

"நீ செய்வ. வேணாம்." சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேற யாரும் இல்ல பொண்ணே. நான் போக முடியாது. நீ மறந்துட்டா அவ்வளவுதான்."

நாங்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். கடைசி விசில் ஊதியதும் கூட்டம் தடுப்பைத் தாண்டிக் குதித்தது. ஞாபகத்துக்கு மைதானத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போக எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று: மண்வெட்டி, ரொட்டி வெட்டும் கத்தி, சுவர் சுரண்டும் தகடு. நடு வட்டத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே புல் துண்டுக்கு அடித்துக்கொண்டார்கள். பச்சைச் சதுரங்களைக் கேக் மாதிரி கையில் ஏந்திக்கொண்டு குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். நான் முண்டியடித்துக் கால்வாய்ப் பக்கத்துக் கோலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். கம்பங்களுக்கு நடுவே கணுக்கால் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு. அதில் நசுங்கிய டீக் கோப்பை ஒன்று, ஆயிரம் பூட்ஸ் தடம். கரண்டியை விட்டு எடுத்தால் கஞ்சி மாதிரி வழிந்தது. புல் ஒரு இழைகூட இல்லை. வேறு யாரோ முந்திக்கொண்டார்கள், பெரிலை யாரோ ஒருவன் வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன். அந்தச் சேற்றிலேயே நின்றேன். இதையா அவர் மடியில் வைப்பது? என் மணிக்கட்டில் இன்னும் அவர் விரல் இருப்பது மாதிரியே இருந்தது.

மைதானத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், பெரியவர்கள் வெள்ளை உடுப்பில் மெதுவாகப் பந்து உருட்டி விளையாடும் புல்தரை ஒன்று உண்டு. ஊரிலேயே அழகான புல் அதுதான். வேலியில் ஏறிக் குதித்தேன். கேக் டப்பாவை வைத்து அளந்து ஒரு சதுரம் வெட்டி எடுத்தேன். ஒரு தாத்தா கையை ஆட்டிக்கொண்டு, "ஏய் கழுதை! அது என்ன உங்கப்பன் வீட்டுப் புல்லா?" என்று கத்தியபடி ஓடி வந்தார். ஓடி வந்தார் என்பது மரியாதைக்கு.

டாஸ்கர் ஜன்னலோரம் அதே நாற்காலியில் இருந்தார். நான் டப்பாவை மடியில் வைத்து மூடியைத் திறந்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கி மூக்கோரமாக நின்றது. துடைக்கவில்லை.

"அழகா இருக்கு" என்றார்.

"நீங்க சொன்ன அதே இடம். கம்பத்துக்கு நடுவுல. ஒரு அடி முன்னாடி. அடிச்சுப் பிடிச்சு எடுத்தேன்."

"சண்டை ஏதும் இல்லியே?"

"ஒரு தாத்தா விரட்டினார். வெள்ளை உடுப்புல. நான் விடலியே."

வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் தலையைத் தூக்கவில்லை. வளைந்த விரலால் அந்தப் புல்லை ஒரு பூனையைத் தடவுவது மாதிரி தடவிக்கொண்டிருந்தார்.

"தார்ன்ஸ்பியில கால்பந்து பாக்க வெள்ளை உடுப்புலயா வராங்க?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"கிர்ஸ்டி, அந்தக் கோல்ல புல்லே கிடையாது. நான் நின்னு நின்னு மொட்டையடிச்ச இடம். பெரிலைத் தூவினப்புறம் மைதானத்துக்காரர் ரெண்டு தடவை விதை போட்டார். ஒண்ணும் முளைக்கல. சாம்பல் புல்லுக்கு ஆகாதாம். உன் பொண்டாட்டி செத்தும் வாயை மூடலையேன்னு என்னைத் திட்டினார்."

"சேறுதான் இருந்துச்சு" என்றேன். "வெறும் சேறு. அதை எப்படி உங்ககிட்ட குடுக்கறது, மிஸ்டர் டாஸ்கர்? நீங்க அழுவீங்கன்னு..."

"அழுதுட்டேன்ல" என்றார். டப்பாவை மூடிப் பக்கத்தில் வைத்தார். "இதை ராத்திரிக்குள்ள அந்தத் தாத்தாக்கள்கிட்ட கொண்டு போய்க் குடு. பாவம், அவங்க உருட்டறதே நாலு அடி."

சரி என்று கிளம்பத் திரும்பினேன்.

"நில்லு. அந்தச் சேத்துக்குள்ள இறங்குனியா?"

"இறங்கினேன்."

"கம்பத்துக்கு நடுவுலயா?"

"நடுவுலதான். கணுக்கால் வரைக்கும்."

அப்போதுதான் அவர் கீழே, என் ஷூவில் அப்பியிருந்த கறுப்புச் சேற்றைப் பார்த்தார். மேஜையில் விரித்துக் கிடந்த நேற்றைய செய்தித்தாளை இழுத்துத் தன் காலடியில் போட்டார். டீக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஷூவைக் கழட்டு."

ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் கார்ப்பெட்டை நாசம் செய்தது தெரியாமலிருக்க, இன்னொரு காலை நாற்காலிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

"ரெண்டையும்" என்றார்.